மனுஷனாக வந்தவர்மேல் அப்பாவுக்கு இருந்த பொறாமை

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைவடையும் இந்நாளில், தூரத்தையும் வேலையையும் பாராமல் ஜீவனஹள்ளி வீட்டுக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், தங்கவயல் நண்பர்களுக்கும், சபையாருக்கும் மகளாகிய என் வணக்கம். மறைந்தவரின் நற்குணங்களை எழுதுவது இம்மாதிரி மலர்களில் வழக்கம். அப்பாவிடம் நற்குணங்கள் நிறைய இருந்தன. ஆனால் அவரைப் பழகி அறிந்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய பொறாமைதான். அதை ஒதுக்கிவிட்டு எழுதினால் வேறு யாரைப் பற்றியோ எழுதியதாகிவிடும். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில். குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் போன தாத்தா, சுரங்கத் தூசியை நெஞ்சில் சுமந்து இருமி இருமியே மாண்டார். தம்பி தங்கைகளைக் கரையேற்றும் பொறுப்பை ஏற்ற அப்பா, மீசை அரும்பும் வயதில் அதே சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பாறை சரியாமல் மரக்கட்டைகளால் முட்டுக் கொடுக்கும் வேலை. அவர் கொடுத்த முட்டுக்குக் கீழே நின்று வேலை செய்ய யாரும் தயங்கியதில்லை என்று அவருடைய நண்பர்களான பெருமாள் மாமாவும் காதர் மாமாவும் இன்றும் சொல்வார்கள்.

அம்மா ஆம்பூரில் பிறந்தவர். அப்பாவுக்கு மாமன் மகள். திருமணமான புதிதில் வளையல்காரர் வந்தால், அம்மாவின் கையைப் பிடித்து வளையல் போட அப்பா அவரை விடமாட்டாராம். வளையலை வாங்கிக்கொண்டு உள்ளே போய், சோப்பு நுரை தடவித் தாமே போட்டுவிடுவார். பாதி உடைந்துபோகும். வானொலி நாடகம் கேட்டு அம்மா சிரித்தால், “அவன் இன்னா சொல்லிட்டான்னு இவ்ளோ சிரிப்பு?” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அம்மா இதையெல்லாம் குறையாகச் சொன்னதில்லை. “பிடிச்சுக்கத் தெரியும் உங்கப்பாவுக்கு. மெதுவாப் பிடிச்சுக்கத்தான் தெரியாது” என்பார்.

நான் அவர்களுக்கு ஒரே மகள். அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்த இருவருக்கு நடுவே எனக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். அப்பாவின் கண் எப்போதும் அம்மாவின் பின்னாலேயே போகும். பள்ளியில் நான் பரிசு வாங்கி வந்த அன்றுகூட, “உங்கம்மா எங்க?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பொறாமை எனக்கு அப்பாவிடமிருந்துதான் வந்தது. வேறு சொத்து அவர் வைத்துவிட்டுப் போகவில்லை.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அந்த விபத்து நடந்தது. கீழே பாறை வெடித்துச் சரிந்ததில் அப்பாவும் இன்னும் சிலரும் அகப்பட்டுக்கொண்டார்கள். சுரங்கத்தின் அபாயச் சங்கு ஊதியதும் குடியிருப்பிலிருந்த பெண்களெல்லாம் சுரங்க வாயிலுக்கு ஓடினார்கள். என்னை இழுத்துக்கொண்டு அம்மாவும் ஓடினார். அங்கே பக்கத்து வரிசையில் குடியிருந்த கிறிஸ்தவப் பெண்கள் சிலர் மண்ணில் முழங்காலிட்டு ஜெபித்தார்கள். எங்கள் வீட்டில் முருகனைத் தவிர வேறு தெய்வம் கிடையாது. ஆனால் அம்மா அவர்களோடு முழங்காலிட்டார். மறுநாள் அப்பாவை உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி. அம்மா முந்தானையை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தபடி, “அவருதாங்க உங்களைக் கொண்டாந்தாரு” என்றார்.

அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். “எவரு?”

“ஏசு.”

“கல்லைப் பொரட்டினது பெருமாளும் காதரும். அவங்க கையைப் பாரு, தோலு உரிஞ்சு தொங்குது.”

“அவங்களை எறக்கினது அவருதான்.”

அப்பாவால் அப்போது எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. அந்த நிலையிலும் அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். தன் உயிரைக் காப்பாற்றிய பெயரை யாரோ ஒருவர் வாங்கிக்கொண்டு போனார் என்ற எரிச்சல் அன்றைக்கு ஆரம்பித்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுரங்க வேலைகள் குறைந்துபோய், அப்பா விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு பெங்களூருக்கு வந்தார். ஜீவனஹள்ளியில் வாடகை வீடு. ஆடுகோடிப் பகுதியில் ஒரு பட்டறையில் காவலாளி வேலை. வந்த சில மாதங்களிலேயே காவிரிக் கலவரம். எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே அடைந்து கிடந்தன. அம்மா சமையலறையில் முழங்காலிட்டிருந்தார். அப்பா இரும்புக் கம்பியோடு கதவருகே நின்றார். ஆபத்து எதுவும் வீட்டுக்கு வராமல் போயிற்று. ஊரடங்கு தளர்ந்த அன்று அம்மா, “காப்பாத்திட்டாருங்க” என்றார். அப்பா கம்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டே, “கதவாண்ட நின்னது நானு” என்றார்.

அதற்குப் பிறகு அம்மா காக்ஸ் டவுன் பக்கத்தில் இருந்த தமிழ்ச் சபைக்கு ஞாயிறு தவறாமல் போனார். ஞானஸ்நானம் பெறுவதற்கான வகுப்பிலும் சேர்ந்தார். கேட்டு வந்ததையெல்லாம் வீட்டில் எங்களிடம் சொல்லுவார். ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டே, அன்று வகுப்பில் நடத்திய பாடத்தைச் சொன்னார். கடவுள் மனுஷனானார் என்ற உபதேசம் அது.

“அவரு நம்மள மாதிரி வயித்துல உருவாகி, பொறந்து, வளந்தாராம். பசி, தூக்கம், வலி எல்லாம் இருந்துதாம். ஒருநாளு நடந்து நடந்து களைச்சுப்போயி, கெணத்தாண்ட உக்காந்து ஒரு பொம்பளகிட்ட தண்ணி கேட்டாராம்.”

“எந்தப் பொம்பள?” என்றார் அப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை.

“இந்தா, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. முருகரை நீ கும்புட்டப்ப நான் எதாவது சொன்னனா? அவரு மலை மேல கீறாரு. நம்ம வீட்டுக்குள்ள வர்றதில்ல. சாமின்னா எனக்குப் பிரச்சினையே இல்ல. நீ இவரை ஆளுன்றே. பசிச்சுதுன்றே, அழுதாருன்றே. ஒருத்தன் செத்துட்டான்னு அவன் வீட்டு வாசல்ல நின்னு அழுதாருன்னு போன வாரம் சொன்னே. நான் உன் முன்னாடி ஒரு தடவை அழுதுகிறனா? அவர்கூட நான் எப்பிடிப் போட்டி போடறது?”

“போட்டி இன்னாங்க? அவரு உங்களுக்கும்தான் வந்தாரு.”

“நான் கூப்பிடலியே.”

அம்மா அடுத்த பூண்டை எடுத்து உரித்தார். நான் அப்போது பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமையலறையில் இருவரும் மூன்றாவது ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக அங்கே உட்கார்ந்திருந்தவள் நான். அவர்கள் இருவருக்கும் அவரைத் தெரிந்த அளவுக்கு என்னைத் தெரியுமா என்று தோன்றியது. எனக்கும் அன்று அவர்மேல் எரிச்சல் வந்தது.

அம்மா ஞானஸ்நானம் பெறுவதை அப்பா தடுக்கவில்லை. தாமே புதுப் புடவை எடுத்துக் கொடுத்தார். ஆலயத்தில் போதகர் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தபோது மட்டும் அருகே போய், “தண்ணிய நான் ஊத்தக்கூடாதுங்களா?” என்று கேட்டார். சபையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். போதகர் திருநெல்வேலிக்காரர், நிதானமானவர். “ஊத்த முடியாது, ஐயா. ஆனா பக்கத்துலயே நில்லுங்க. யாரும் தடுக்க மாட்டாங்க” என்றார். அப்பா நின்றார். தண்ணீர் அவர் சட்டையிலும் தெறித்தது.

அடுத்த வார விடுமுறை நாளில் அப்பா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போதகரின் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்த பேச்சு எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது.

“ஐயா, அவரு சாமியா, மனுஷனா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

“ரெண்டும்தான்.”

“பாதிப் பாதியா?”

“இல்ல. முழுக்கக் கடவுள், முழுக்க மனுஷன்.”

“அது எப்பிடி?”

“எப்படின்னு எனக்கும் விளக்கத் தெரியாது, ஐயா. ஏன்னு கேட்டா கொஞ்சம் சொல்லலாம்.”

“அதான் எனக்கும் வேணும். அவ்ளோ சக்தி கீறவரு மேல இருந்துகினே ஒரு வார்த்தை சொல்லிக் காப்பாத்தக்கூடாதா? எதுக்கு ஆளா வரணும்?”

போதகர் சற்று யோசித்தார். “நீங்க சுரங்கத்துல அகப்பட்டிருந்ததா அம்மா சொன்னாங்க. எனக்குச் சுரங்கத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. மேல இருந்தவங்க என்ன செஞ்சாங்க?”

“எறங்கினாங்க.”

“மேல இருந்தே செய்ய முடியாதா?”

“கயிறு விடலாம். காத்து அனுப்பலாம். ஆனா உள்ள கெடக்கறவன் மேல கல்லு. கையைத் தூக்க முடியாது. கயித்தைப் பிடிக்கறதுக்கு அவனுக்குத் தெம்பு ஏது? ஒருத்தன் எறங்கி வந்து, கல்லைப் பொரட்டி, கட்டிப் புடிச்சுத்தான் தூக்கணும்.”

சொல்லி முடித்த அப்பா, தாம் சொன்னதைத் தாமே கேட்டவர்போல நிமிர்ந்தார். போதகர் அவசரப்படவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “நாங்க மீட்புன்னு சொல்றது அதைத்தான். மனுஷன் பாவத்துலயும் சாவுலயும் அகப்பட்டுக் கிடக்கான். நல்ல புத்தி சொல்ல எத்தனையோ பேர் வந்தாங்க. புத்தி சொன்னாப் போதாது. கயித்தைப் பிடிக்க அவனுக்குத் தெம்பில்ல. அதனால அவரே இறங்கினார். நம்ம உடம்பை எடுத்துக்கிட்டு, நாம கிடக்கிற இடத்துக்கே வந்தார்.”

“எறங்கறவனும் சாவலாம், ஐயா.”

“செத்தார்.”

“அப்புறம்?”

“மேல வந்தார். தனியா வரல; நம்மையும் பிடிச்சுக்கிட்டு வந்தார்.”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணே ஒண்ணு. எறங்கும்போது பயந்தாரா?”

“பயந்தார். சாவுக்கு முந்தின ராத்திரி வேர்த்து விறுவிறுத்துப்போய், இது இல்லாம வேற வழி இருக்கான்னு கேட்டார்.”

“நல்லது. பயமே இல்லன்றவனோட நாங்க எறங்க மாட்டோம். அவன் முட்டுக் கொடுத்திருக்கறதைச் சரியாப் பார்க்க மாட்டான்.”

திரும்பி நடந்து வரும்போது அப்பா மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். ஜீவனஹள்ளி முனையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: “ஆளு நல்ல ஆளுதான், பாப்பா. அதான் இன்னும் எரியுது. மோசமான ஆளா இருந்தா உங்கம்மாகிட்டச் சொல்லி விட்டுடச் சொல்லலாம்.”

அன்றிலிருந்து பல ஆண்டுகள் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவை ஆலயத்துக்குக் கூட்டிப் போய், தாம் வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருப்பார். ஒலிபெருக்கியில் பிரசங்கம் முழுவதும் கேட்கும். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும், “இன்னைக்கு உன் ஆளு இன்னா சொன்னாரு?” என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா சொல்லச் சொல்ல, நடுவே விட்டுப்போனதை அவரே எடுத்துக் கொடுப்பார். கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் வைத்த குடிலில் குழந்தை பொம்மையைப் பார்த்து, “இதைக் குளிப்பாட்டினவங்க யாரு? இதுக்கும் பேதி, காய்ச்சல் எல்லாம் வந்திருக்குமே” என்றார் ஒருமுறை. “வந்திருக்கும்” என்றார் அம்மா. “அப்ப அந்தம்மா பாவம்” என்றார் அப்பா. நான் அறிந்தவரை, அந்தக் குடும்பத்தின்மேல் அவர் காட்டிய முதல் இரக்கம் அது.

எனக்குத் திருமணமாகிச் சந்தாபுராவுக்குக் குடிபோன பிறகு, இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பின்னர், அம்மா பக்கவாதத்தில் விழுந்தார். வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது, பேச்சும் குழறிப்போயிற்று. செய்தி கேட்டு நான் பெட்டியோடு ஓடி வந்தேன். ஆனால் அம்மாவைத் தொட அப்பா என்னை விடவில்லை. குளிப்பாட்டுவதும், துணி மாற்றுவதும், கஞ்சியை ஸ்பூனால் ஊட்டி வாயைத் துடைப்பதும் எல்லாம் அவரே. வேலையை விட்டுவிட்டார். “நான் பொண்ணுப்பா, எனக்கு உரிமையில்லையா?” என்று கேட்டேன். “நீ சமையலைப் பாரு” என்றார். அடுப்படியில் நின்று, உள்ளே அவர் தலை வாரிவிடுவதையும் அம்மா குழறிக் குழறிச் சிரிப்பதையும் கேட்டுக்கொண்டிருப்பேன். பெற்ற தாயைக் கழுவித் துடைக்கக் கொடுத்துவைக்காதவள் என்று நினைக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது. அதை மறைக்கப்போவதில்லை.

ஆனால் மனைவியின் உடம்பைத் தாமே கையாண்ட அந்த நாட்களில்தான் அப்பா இன்னொன்றைப் புரிந்துகொண்டார் என்று எண்ணுகிறேன். ஒருநாள் மாலை சபைப் பெண்கள் ஜெபிக்க வந்தார்கள். அவர்களில் ஒரு பெரியம்மா ஆறுதலாக, “கவலைப்படாதீங்க. ஆத்துமா பத்திரமா இருக்கு. உடம்பு வெறும் மண்ணு, அது போனா என்ன?” என்றார்.

அப்பா துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“மண்ணா? அப்ப உங்க சாமி எதுக்குமா அதைப் போயி எடுத்தாரு?”

பெரியம்மா திகைத்துப்போனார். பின்னாலேயே வந்திருந்த போதகர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “சரியாத்தான் கேக்கிறார்” என்றார். “அவர் உடம்பு எடுத்தது உடம்பையும் மீட்கத்தான். அதை விட்டுட்டு ஆத்துமாவை மட்டும் தூக்கிட்டுப் போறதா இருந்தா, மனுஷனாப் பிறந்திருக்கவே வேண்டாம். உயிர்த்தெழுந்தப்பவும் அதே உடம்போடதான் வந்தார். இப்பவும் அதைக் கழற்றி வைக்கல.”

“இப்பவுமா?” அப்பாவின் கை நின்றுவிட்டது. “இன்னும் ஆளாவா கீறாரு?”

“ஆமா. கையில காயத்தோட.”

“வந்த வேலை முடிஞ்சதும் மறுபடி சாமியாப் பூட்டாருன்னு நான் நெனச்சுகினு இருந்தேன்” என்றார் அப்பா. அந்தச் செய்தி அவருக்கு ஆறுதலாக இருந்ததா, இடியாக இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா மட்டும் இடக்கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னார். குழறலில் எங்களுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. “சொல்றா பாரு, ‘அவரு எங்கயும் போவ மாட்டாரு’ன்னு. இவளுக்கு எப்பவும் அவர் பக்கம்தான்” என்றார்.

அதற்கு அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அம்மா கண்மூடினார். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அப்பாவின் கையைப் பிடித்து, “கர்த்தரிடத்தில் போயிருக்கிறார், தேற்றிக்கொள்ளுங்கள்” என்றார்கள். அப்பா எல்லோருக்கும் தலையசைத்தார். கடைசியில் காதர் மாமா வந்து கட்டிக்கொண்டபோதுதான் உடைந்தார். அவர் அழுது நான் பார்த்தது அதுவே முதல் முறை.

“எல்லாரும் அவ அவர்கிட்டப் போயிட்டான்றாங்க, காதரு. அதான்டா எனக்கு ஆறல. வெறும் ஆகாசத்துக்குப் போனாலும் பரவால்ல. ஒரு ஆளுகிட்டப் போயிருக்கா.”

காதர் மாமா அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

சில மாதங்கள் அப்பா ஞாயிறுதோறும் தனியாகவே போய் அந்தச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் நிறுத்துமிடத்திலிருந்து எழுந்து ஆலயத்துக்குள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் போதகரிடம், தமக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்றார். சபைக் கமிட்டி கூடியது. என் கணவரும் நானும் உடன் போயிருந்தோம். மூப்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

“உங்க மனைவியைத் திரும்பப் பார்க்கணும்ங்கிறதுக்காகக் கேக்கிறீங்க. அது எங்களுக்குப் புரியுது. ஆனா கர்த்தர்மேல விசுவாசம் இருக்கா?”

“அவளைத் தனியா விட முடியாது. அது நெசம்தான்” என்றார் அப்பா. “விசுவாசம்னா இன்னான்னு நீங்கதான் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். இல்லாத ஆளுமேல யாருக்கும் பொறாமை வராது. கதையில வர்ற ஆளுமேலயும் வராது. இத்தனை வருஷமா எனக்கு ஒரு நாளு விடாம எரியுது. அப்ப அவரு வந்தாரு. ஒடம்போட வந்தாரு. என் வீட்டுக்குள்ளயே வந்தாரு. நான் அகப்பட்டுக் கெடந்தப்ப யாரை எறக்கினாரோ இல்ல அவரே எறங்கினாரோ, எனக்குத் தெரியாது. எவ கண்ணுக்கு அவரு தெரிஞ்சாரோ அவ பொய் சொல்றவ இல்ல.”

“இன்னமும் பொறாமை இருக்கா?”

“கீது. இல்லன்னு சொன்னா அது பொய்யி.”

மூப்பர் போதகரைப் பார்த்தார். போதகர் சொன்னார்: “கடவுளே தம்மை எரிச்சலுள்ளவர், அதாவது பொறாமையுள்ளவர்னு வேதத்துல சொல்லியிருக்கார். மனுஷனை வேறெதுக்கும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்ல. அந்த மனசாலதான் ஆள் அனுப்பறதோட நிறுத்தாம அவரே இறங்கி வந்தார். ஐயாவோட பொறாமை எந்த இடத்துலயிருந்து வருதுன்னு எனக்கு ஓரளவு தெரியும். பொறாமையால வர்றவரை வாசல்ல நிறுத்தினா, பயத்தால வந்த நாமெல்லாம் எழுந்து வெளியே போகணும்.” மூப்பர் சிரித்துவிட்டார்; ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்ன முதல் ஆளும் அவரே. அந்தப் பெருந்தன்மையை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஞானஸ்நானத்துக்குப் பிறகும் அப்பா மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். தெருவில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அடுத்தவரை அனுப்பாமல் தாமே போய்த் தலைமாட்டில் உட்காருவார். படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு முகம் மழித்துவிடுவார். “ஜெபம் பண்ணுங்க, பெரியவரே” என்று கேட்டால், “ஜெபம் போதகரு பண்ணுவாரு. நான் தண்ணி கொண்டாறேன்” என்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் படத்தைப் பார்த்து, “உன் ஆளு செய்யறதைத்தான் செஞ்சுட்டு வந்தேன். அவருக்கு மட்டும்தான் தெரியுமா?” என்பார்.

சுரங்கத் தூசி அவரையும் விடவில்லை. கடைசி மாதங்களில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. இம்முறை அவரால் என்னைத் தடுக்க முடியவில்லை. குளிப்பாட்டியதும், ஊட்டியதும், முதுகில் தட்டிச் சளியை எடுத்ததும் நான்தான். கொஞ்ச காலமாவது அவர் முழுக்க எனக்கே சொந்தமாக இருந்தார். ஆனால் என் கை பட்டபோதெல்லாம் அவர் கண் சுவரிலிருந்த படத்தின்மேலேயே இருந்தது.

இறப்பதற்குச் சில நாள் முன்பு போதகர் வந்திருந்தார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இட நெருக்கடியால் ஒரு குடும்பத்தாரை ஒரே குழியில் அடக்கம் செய்வது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவின் குழியிலேயே தமக்கும் இடம் வேண்டும் என்றார் அப்பா.

“அப்படித்தான் செய்வோம், ஐயா.”

“அவ மேல வையுங்க.”

“மேலதான் வரும்.”

“முகம் கீழ பார்த்தாப்புல வையுங்க.”

போதகருக்குப் புரியவில்லை. “வழக்கமா மேல பார்த்துத்தான வைப்போம். ஏன்?”

அப்பா மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: “எல்லாரும் எழுந்திருக்கற நாளுன்னு சொல்றீங்களே. அன்னிக்கு அவ கண்ணைத் தெறந்தா அவரு வந்து நிப்பாரு. அவரை அப்புறம் பார்க்கட்டும். மொதல்ல என் மூஞ்சியப் பார்க்கணும்.”

போதகர் வாய்விட்டுச் சிரித்தார்; கண்ணையும் துடைத்துக்கொண்டார். “அவர் கோவிச்சுக்க மாட்டார், ஐயா. காத்திருப்பார்.”

“காத்திருக்கட்டும்” என்றார் அப்பா.

போதகர் கிளம்பிப் போன பிறகு நான் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன்: “அம்மாவைப் பத்தி சொன்னீங்க, அவரைப் பத்தி சொன்னீங்க. எனக்கு ஒண்ணும் சொல்லலியே, அப்பா?” அவர் என்னைப் பார்த்தார். அந்த ஒருமுறை முழுக்க என்னை மட்டுமே பார்த்தார். “நீ மெதுவா வா, பாப்பா. நாங்க எங்கியும் பூட மாட்டோம். அவசரப்படாதே” என்றார்.

அவர் கேட்டபடியே அடக்கம் செய்தோம். குழி வெட்டியவர்கள் மறுப்புச் சொல்லவில்லை. போதகரே முன்னின்று செய்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். தள்ளாத வயதிலும் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்து அப்பாவின் பெட்டிக்குத் தோள் கொடுத்த பெருமாள் மாமாவுக்கும் காதர் மாமாவுக்கும் முதல் நன்றி. வீட்டுக்கும் ஆலயத்துக்குமாக அலைந்த போதகருக்கும், சபை மூப்பர்களுக்கும், ஜெபிக்க வந்த பெண்களுக்கும், அன்றைக்குத் திகைத்துப்போனாலும் கோபிக்காமல் மறுநாள் கஞ்சி கொண்டுவந்த பெரியம்மாவுக்கும் நன்றி. சமையல் முதல் பந்தல் வரை எல்லாவற்றையும் தங்கள் வீட்டுக் காரியமாக ஏற்றுக்கொண்ட ஜீவனஹள்ளித் தெருவாருக்கும், அப்பாவைப் பார்த்துக்கொள்ள என்னை முகம் சுளிக்காமல் அனுப்பிவைத்த என் கணவருக்கும் மாமியாருக்கும் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். நான் ஞானஸ்நானம் பெற்றவள் அல்லள். இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியாது. என் தாயை என்னிடமிருந்து முதலில் வாங்கிக்கொண்டவர், பிறகு என் தந்தையையும் வாங்கிக்கொண்டவர் அவர். இருவரும் என்னோடு பேசிய நேரத்தைவிட அவரைப் பற்றிப் பேசிய நேரம் அதிகம். அவர்மேல் எனக்கு இன்னும் எரிகிறது. இல்லாத ஆள்மேல் யாருக்கும் பொறாமை வராது என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே அவருக்கும், இறங்கி வந்ததற்காக, நன்றி.